டிக்கெட் வாங்கி மிதித்த அம்மி

எல்லாப் பெண்களும் கல்யாணத்தன்று அம்மி மிதிக்கிறார்கள். நானும் மிதித்தேன். ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், எதையும் தொடக் கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று, செத்துப்போன ஒரு சிறுத்தை பார்த்துக்கொண்டிருக்க மிதித்தவள் இந்த மலைநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பிள்ளைகளே இதை நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், மிதித்த கால் என்னுடையது.

அப்போது நாங்கள் கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை என் சொந்த அத்தை மகன்தான். அதே தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில், மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை அவருக்கு. அத்தை என் அப்பாவின் கூடப் பிறந்தவள். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள், சம்பந்தம் பேசிய நாளிலிருந்து என்னை மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அவளுடைய மகனை எனக்குப் பிடித்திருந்ததால் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கல்யாணத்துக்கு ஓர் அவசரமும் இருந்தது. இரண்டு அரசாங்கங்களும் பேசி, எங்கள் ஆட்களில் பாதிக்கு மேலானவர்களை இந்தியாவுக்கு அனுப்புவது, மீதிப் பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்த நேரம் அது. குடும்பம் குடும்பமாக விண்ணப்பப் பாரம் எழுதவேண்டி வரும் என்று லயத்து வீடெல்லாம் பேச்சு. நான் என் அப்பாவின் பாரத்திலும் அவர் தன் அப்பாவின் பாரத்திலும் இருந்தால், நான் கப்பலிலும் அவர் ஃபெக்டரியிலுமாக ஆகிவிடலாம். அதனால் ஆவணி தாண்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மிதான் இல்லை.

அம்மி போன கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி தேய்ந்துவிட்டால், பழைய கத்தியை ஸ்டோரில் ஒப்படைத்தால்தான் புதுக் கத்தி தருவார்கள். மண்வெட்டிக்கும் அப்படித்தான், மண்ணைக் கிளறுகிற முள்ளுக்கும் அப்படித்தான். பழையதைக் கொடுத்தால் புதியது வரும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு மாரியம்மன் மேலே இருந்த அளவுக்கு நம்பிக்கை. அந்த வருடம் பங்குனியில் ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற நேரத்தில், கணக்கப்பிள்ளை ஒரு செய்தி சொன்னார். பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவில் இந்தப் பக்கத்துப் பழைய சாமான்களையெல்லாம் சேர்த்து வைத்துக் காட்டப்போகிறாளாம், லயத்தில் பழைய சாமான் உள்ளவர்கள் கொண்டுவந்து கொடுக்கலாமாம். அவர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் பழைய சாமானை ஒருத்தி காட்டுவதற்காகச் சேர்ப்பாள் என்பது யாருக்கும் நம்பக்கூடியதாக இல்லை. புதுச் சாமான் லொறியில் வரப்போகிறது என்று அவரவர் முடிவு செய்துகொண்டார்கள்.

அன்றைக்கு ஸ்டோர் வாசலில் சேர்ந்த குப்பையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓட்டைக் குடம், கைப்பிடி போன உலக்கை, கம்பி மட்டும் மிஞ்சிய குடை, நூலாகிப்போன கம்பளி. ஒருவர் தன் மாமியாரைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்தாராம். துரைசாணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்த ஏழைகளுக்கு எவ்வளவு தாராள மனசு என்று சொல்லி ஆளுக்கு ஒரு பணிஸ் ரொட்டியும் பிளேன்டீயும் கொடுத்தாள்.

என் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தி மாற்றி மாற்றி வாங்கிப் பழகியவர். அத்தை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, நடுவில் குழி விழுந்துபோன அம்மியையும் குழவியையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பணிசைத் தின்றுவிட்டுப் புது அம்மிக்காகக் காத்திருந்தார். ஒரு மாதம் தினமும் ஸ்டோர்க்காரரிடம் போய், அம்மி வந்ததா என்று கேட்டிருக்கிறார். ஸ்டோர்க்காரரோ மாமாவுக்கு மூளையில் ஏதோ தட்டிவிட்டது என்று நினைத்து, வரும் வரும் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

விஷயம் விளங்கிய நாளில் அத்தை கத்தவில்லை. அதுதான் பயம். பக்கத்துக் காம்பரா வீட்டில் அம்மி இரவல் வாங்கி அரைத்துத் தனக்கும் மகனுக்கும் குழம்பு வைத்தாள். மாமாவுக்கு மட்டும் ஐந்து மாதம் உப்புத் தண்ணீரில் அவித்த கிழங்கு. கல்லைத் திருப்பிக் கேட்கலாம் என்று மாமா இரண்டு தடவை நுவரெலியாவுக்குப் போனார். இரண்டு தடவையும் உள்ளே போக டிக்கெட் வாங்கி, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்கப் பயந்து திரும்பி வந்தார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த சிறுத்தைக்கு மீசை எத்தனை என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணத்தன்று விடியும்போதே மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. மேளம் முழங்க லயத்துக்கு வந்தோம். காம்பரா வாசலில் அத்தை கையை விரித்து நின்றாள். அந்த அம்மியை மிதிக்காமல் மருமகள் உள்ளே வரக் கூடாது என்றாள். அவளுடைய மாமியார் அந்தக் கல்லைத் தலையில் வைத்து, பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, கடல் தாண்டி இறங்கி, மலை வரைக்கும் நடந்து வந்தவளாம். பக்கத்துக் காம்பராக்காரிகள் தங்கள் தங்கள் அம்மிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நாலைந்து அம்மிகள் வரிசையில் நின்றன. அத்தை ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அந்தக் கல்ல மிதிச்ச எவளும் இதுவரைக்கும் புருஷன விட்டுப் பிரிஞ்சதில்ல. வேற கல்லு எனக்கு வேணாம்” என்றாள்.

எனக்குக் கோபமாக வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். உள்ளேயிருந்து பருப்பு தாளிக்கிற வாசம் வேறு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பாரத்தையும் கப்பலையும் நினைத்தபோது எனக்கும் அந்தக் கல்தான் வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பா பந்திக்குக் காவல் நின்றார். நான், அவர், அத்தை, மாமா நாலு பேரும் மாலையைக்கூடக் கழற்றாமல் கந்தப்பளைக்கு இறங்கி பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எந்தக் கோயிலுக்கு என்று ஓர் அம்மா கேட்டாள். அம்மி மிதிக்கப் போகிறோம் என்று மாமா சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உங்கள் பக்கத்தில் அவ்வளவு தூரமா போய் மிதிப்பது என்று கேட்டாள். என்னைக் கட்டியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்குகிற வரைக்கும் திரும்பவே இல்லை.

பங்களா ரேஸ் மைதானத்துக்கு மேலே இருந்தது. மூடுபனியும் தூறலுமாக இருந்தது. வாசலில் காக்கி கோட்டுப் போட்ட ஒரு சிங்களக் காவல்காரர். மாமாவைக் கண்டதும் எழுந்து நின்று சிரித்தார். மூன்றாம் தடவையாக வருகிற ஒரே ஆள் மாமாதான். ரசிகர் இந்தத் தடவை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். நாலு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மாமாவின் தோளில் கிடந்த கம்பளியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அதே கோடு போட்ட கம்பளி பத்திரமாக இருந்திருக்கிறது. சரி போங்கள் என்று விட்டார்.

முதல் அறை துரைமாருடையது. குதிரைச் சேணம், துப்பாக்கி, வெள்ளிக் கிண்ணம், அடுத்த அறையைப் பார்த்தபடி மீசை வைத்த சிறுத்தை. இரண்டாவது அறை எங்களுடையது. நேற்றுவரை நான் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த மாதிரிப் படங்குச் சாக்கு ஓர் ஆணியில் தொங்கியது. விடியற்காலையில் ஆட்களை எழுப்ப அடிக்கிற தப்பு. கவ்வாத்துக் கத்தி. ஒவ்வொன்றுக்கும் கீழே இங்கிலீஷில் ஒரு சீட்டு. அவர் ஃபெக்டரி இங்கிலீஷை வைத்துக்கொண்டு சீட்டுச் சீட்டாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்டாட்டி வீட்டுக்குள் நுழைய முடியாமல் நிற்கிறாள், இவர் கத்தி எத்தனை அங்குலம் என்று படிக்கிறார்.

அந்தக் கோபத்தில்தான் நான் பொம்மையில் கை வைத்தேன். கொழுந்து பறிக்கிறவள் என்று வைக்கோல் அடைத்த ஒரு துணிப் பொம்மை. அழகாகச் சேலை கட்டி, பொட்டு வைத்து, கூடையை முழங்கையில் மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் என்ன, சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கவா போகிறாள்? கூடையை எடுத்து, கயிற்றை நெற்றிக்கு மேலே கொடுத்து, முறைப்படி முதுகில் தொங்கவிட்டேன். ஒரு நிமிஷம் நன்றாகத்தான் நின்றாள். பிறகு மெதுவாக அண்ணாந்து, கூடையோடு மல்லாந்து விழுந்தாள். வைக்கோலுக்கு முதுகு கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காவல்காரர் ஓடி வந்தார். எப்பா, எப்பா, அதாவது வேண்டாம் வேண்டாம் என்று சிங்களத்தில் தடுத்துக்கொண்டே அவளைத் தூக்கி நிறுத்தினார். அதற்குள் அத்தை மூலையில் அம்மிகளை ஏற்றி வைத்திருந்த பலகையைக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கே ஓர் அம்மியைத் தேடி வந்தவளுக்கு மூன்று அம்மிகள் இருந்தன. மூன்றுக்கும் யாரோ சப்பாத்துப் பாலிஷ் போட்டுத் தேய்த்து, துரையின் பூட்ஸ்போலப் பளபளவென்று வைத்திருந்தார்கள். எது யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. என் மாப்பிள்ளை சீட்டைப் படித்துச் சொன்னார்: முற்காலத்தில் தோட்டத்து மக்கள் மசாலா அரைத்த கல்.

“முற்காலமா? பங்குனியில நான் அரைச்சேன்டா” என்றாள் அத்தை.

மாமா சிறுத்தை இருந்த அறைக்கு நழுவப் பார்த்தார். அத்தை அவருடைய கம்பளியைப் பிடித்து நிறுத்திவிட்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கல்யாணச் சமையலிலிருந்து கொண்டுவந்த காய்ந்த மிளகாய், தேங்காய், இரண்டு வெங்காயம், உப்பு, கொஞ்சம் மஞ்சள். வரும்போதே யோசித்து வைத்திருக்கிறாள். காவல்காரரின் மேசையில் இருந்த தண்ணீர்க் கேத்தலை எடுத்து வந்து, மூன்று கல்லையும் முந்தானையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மூன்றையும் தரையில் இறக்கச் சொன்னாள். மாப்பிள்ளையும் மாமாவும் இறக்கினார்கள். காவல்காரர் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் கல்லில் நாலு மிளகாயை வைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதில் குழவி வழுக்கியது. மூன்றாவதில் உட்கார்ந்தாள். அத்தை இடக்கைக்காரி. இருபத்தைந்து வருடம் அவள் அரைத்ததில் அந்தக் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. குழவி போய் அந்தப் பள்ளத்தில் தானாக விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மிளகாய் முழுவதையும் வைத்தாள், தேங்காயை வைத்தாள், வெங்காயத்தைத் தட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு அரைத்தாள். ஐந்து மாதக் கோபமும் அதில் அரைபட்டது. எங்கள் எல்லாருக்கும் மூக்கில் நீர் வந்தது.

காவல்காரர் திட்டுவதை நிறுத்தியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் மேசையில் அரை றாத்தல் பாண் ரொட்டி மட்டும் இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டாள். சம்பலை வழித்து ஒரு பாண் துண்டில் வைத்து, சாப்பிடுங்க மாத்தயா என்று நீட்டினாள். அவர் வாசலை ஒரு தடவை பார்த்தார், சம்பலை ஒரு தடவை பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். எதையும் பார்க்காதவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

அத்தை கல்லைக் கழுவி மஞ்சள் தடவினாள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்து வலது காலை வைத்தேன். கல் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. அவர் குனிந்து என் காலைப் பிடித்து மெட்டியைப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்து துரைசாணி வந்தாள், பின்னாலேயே ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள்.

மாலையோடு நான், என் காலடியில் அவர், தரையில் மூன்று அம்மி, மிளகாய் நெடி, வாய் நிறைய பாணோடு காவல்காரர். அந்த மனிதரை நான் பாராட்ட வேண்டும். பாணை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, அம்மி எதற்கு என்று பார்வையாளருக்குச் செய்து காட்டுவதாக இங்கிலீஷில் சொன்னார். வந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த வெள்ளைக்காரர் கெமராவை எடுத்து, இன்னொரு தடவை செய்யச் சொன்னார். போட்ட மெட்டியைக் கழற்றுவதா என்று அத்தை கண்ணை உருட்டினாள். நல்ல வேளையாக எனக்கு இன்னொரு கால் இருந்தது. இடது காலை வைத்தேன். கெமராவைப் பார்க்கச் சொன்னதால் அவர் மெட்டியை முதலில் சுண்டு விரலில் போட்டுவிட்டார்.

அடுத்து அருந்ததி பார்க்க வேண்டும். பகல், மூடுபனி, மேலே கூரை. மாமா சிறுத்தைக்கு மேலே தொங்கிய பல்பைக் காட்டி, அதைப் போடச் சொன்னார். காவல்காரர் சுவிட்சைத் தட்டினார். நாங்கள் இருவரும் கையைக் குவித்து அருந்ததியைப் பார்த்தோம். எங்கள் பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களும் மிக மரியாதையாக அந்த பல்பை அண்ணாந்து பார்த்தார்கள்.

துரைசாணி முட்டாள் இல்லை. மாலை வாடியிருந்ததையும் என் கண்ணில் நீரையும் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் மாமாவை விசாரித்தாள். மாமா இரண்டு தடவை சொல்லப் பயந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பழைய கத்தி, புதுக் கத்தி, பணிஸ், உப்புக் கிழங்கு எல்லாம். அவள் முகம் சிவந்துபோனது. பிறகு, இது உங்கள் கல், இன்றைக்கே லொறியில் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றாள்.

மாமா என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இனிமேல் அவருக்குக் குழம்பு கிடைக்கும். அத்தை கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

ஐந்து மாதம் அந்தக் கல்லுக்காக வீட்டை இரண்டாக்கியவள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரமாகிறது என்று நான்தான் அவசரப்பட்டு, எடுத்துக்கொண்டு போவோம் அத்தை என்றேன்.

“எங்க எடுத்துக்கிட்டுப் போறது?” என்றாள். “எங்கள எப்ப கப்பல் ஏத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்? பொட்டியில கல்லு வைக்க விடுவாங்களா? லயத்துல போட்டுட்டுப் போனா மிதியடிக் கல்லாக்கிருவாங்க.” துரைசாணியின் பக்கம் திரும்பினாள். “இங்கயே இருக்கட்டுங்க. நம்ம ஆளுங்க யாராச்சும் இங்க மிஞ்சி இருந்தா, அவங்க புள்ளைங்க கல்யாணத்துக்கு வந்து மிதிச்சிக்கிட்டுப் போவட்டும்.”

துரைசாணி சரி என்றாள். நான் அழுதேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, காவல்காரரிடம் இனி அதற்குச் சப்பாத்துப் பாலிஷ் போடக் கூடாது என்று சொல்லிவைத்தாள். பிறகு கேத்தலை என் கையில் கொடுத்தாள். கல்லில் மஞ்சள், குழவியில் மிளகாய், காய்ந்தால் கெட்டுப்போகும், கழுவி வை மருமகளே என்றாள். கல்யாணச் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, அந்தக் கல்லையும் குழவியையும் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தேன். மருமகளாக நான் செய்த முதல் வேலை அதுதான்.